இஞ்சின் செத்தது, தவணை சாகவில்லை: ஒரு பழைய காடியோடு மூன்றரை வருடம்

2022 பிப்ரவரியில் இந்தக் காடியை, அதாவது காரை, வாங்கினோம். 2014 மாடல், 1.6 லிட்டர், ஆட்டோ கியர், சாம்பல் நிறம். வாங்கும்போது மீட்டர் 98,000 காட்டியது, இன்று 161,000. எந்தக் கம்பெனி காடி என்று எழுதப் போவதில்லை. என் கோபம் காடியைச் செய்தவர்கள் மேல் இல்லை, விற்றவர்கள் மேல்.

மலேசியாவில் ஈப்போ பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு காடி இல்லாமல் காலம் தள்ளலாம், தள்ளியிருக்கிறோம். ஆனால் வீட்டுக்காரருக்கு ஈப்போ பக்கம் இரவு ஷிப்ட். மாமாவுக்கு மாதம் ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி. நாற்பது வருடம் தோட்டத்தில் ரப்பர்ப் பால் வெட்டிய மனுஷனை மழையில் மோட்டார் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போக மனசு வரவில்லை. நான் பள்ளிக்கூட ஆபீசில் கிராணி. சம்பளச் சீட்டு ஒழுங்காக இருப்பதால் கடன் என் பெயரில்.

விலை 24,000 வெள்ளி (ரிங்கிட்). 10 விழுக்காடு முன்பணம் போக 21,600 வங்கிக் கடன், 4.5 விழுக்காடு நிலை வட்டி (கட்டக் கட்டக் குறையாமல் முதலில் வாங்கிய தொகைக்கே போடுவது), ஏழு வருடம். மாதம் 338 வெள்ளி, 84 மாதம். புக்கிங் என்று 500 வாங்கிக்கொண்டார்கள். விலையில் 1 விழுக்காட்டுக்கு மேல் புக்கிங் பணம் வாங்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. முன்பணத்தில் கழித்துவிட்டதால் அதை நான் கிளறவில்லை.

கடையில் இருந்த பையன் நம்ம பையன்தான். வாய் நிறைய அக்கா, அக்கா. வீட்டுக்காரர் சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் அவனிடம் கேட்டேன்: "தம்பி, தண்ணி குறையுதா? ஹீட் ஆகுமா?" பதில் வந்தது: "ஒரு பிரச்சனையும் இல்லக்கா. இஞ்சின், கியர்பாக்ஸ் ஒரு வருஷம் நாங்க பாத்துக்கறோம்." இதையே வாயால் கேட்டிருந்தால் அது காற்றோடு போயிருக்கும்.

வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் பி5, பி7 சோதனை இரண்டும் பாஸ் என்று காகிதத்தைக் காட்டினார்கள். எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பாதிப் பேர் ஏமாறுவது இங்கேதான். பி5 பெயர் மாற்றத்துக்கு, பி7 கடனுக்கு. சேசிஸ் நம்பர், இஞ்சின் நம்பர் பார்ப்பார்கள், காடி சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இஞ்சினைக் கழற்றி உள்ளே யாரும் எட்டிப் பார்ப்பதில்லை.

கையெழுத்துப் போட்ட நாளை நினைத்தால் இன்னும் எரிச்சல்தான். மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய இடத்தில் எல்லாம் போடச் சொன்னார்கள், போட்டேன். மகன் வாசலில் ஐஸ்கிரீம் கேட்டு அழுதுகொண்டிருந்தான். அதில் ஒரு தாளில், இது பழைய வாகனம், தரம் பற்றி எந்த உத்தரவாதமும் கிடையாது, இது எனக்கு எடுத்துச் சொல்லப்பட்டது என்று இருந்திருக்கிறது. பன்னிரண்டு வருடமாகக் கோப்பு கட்டுகிறவள், ஊரார் பாரத்தை எல்லாம் வரி வரியாகப் படிக்கிறவள், என் பாரத்தைப் படிக்கவில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கிக் காடியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

ஐந்து மாதம் நன்றாகத்தான் ஓடியது. ஜூலையில் தைப்பிங்கில் ஒரு கல்யாணம். ஜெலாப்பாங்கில் அக்காவை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்தை நோக்கி மேடு ஏறினோம். லாரிகள் ஊர்ந்து போகும் அந்த ஏற்றத்தை வடக்கே போகிறவர்கள் அறிவார்கள். முதலில் ஏர்கோன் காற்று சூடானது. அக்கா சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டே "கேஸ் தீந்துருச்சா?" என்றாள். வீட்டுக்காரர் மீட்டரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஓரம் கட்டினார். முள் மேலே போய் நின்றிருந்தது. மூடியைத் திறக்கும் முன்பே ஆவி. தாலி கட்டும் நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டியவர்கள் பட்டுச்சேலையோடு அவசரத் தடத்தில் நின்றோம். டோ வண்டிக்கு 280 வெள்ளி, ரசீதை வாங்கி வைத்தேன்.

எங்கள் ஊர்ப் பட்டறை போர்மன் (மெக்கானிக்) வயதான சீனர். தோட்டத்தில் பிறந்தவர், என்னைவிடச் சுத்தமாகத் தமிழ் பேசுவார். எண்ணெய்க் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். கறுப்பாக இருக்க வேண்டியது பால் கலந்த பழுப்பாக, நுரையோடு இருந்தது. "தங்கச்சி, இது எண்ணெய் இல்ல, தே தாரேக்." நுரை பொங்க ஆற்றிய பால் டீ என்கிறார். தண்ணீர் எண்ணெயில் கலந்துவிட்டது, இஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று அர்த்தம்.

மறுநாள் ஹெட்டைக் கழற்றியபோதுதான் கதை வெளியே வந்தது. தண்ணீர் ஓடும் பாதை முழுக்க மினுமினுக்கும் பொடி, விரலால் தேய்த்தால் மணல் மாதிரி நெறுநெறு என்றது. ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க ஊற்றும் மருந்தாம். சூட்டுக்கு ஏற்பத் தண்ணீரைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடம் காலி. சூடாகும் காடியில் அதைப் பிடுங்கிவிட்டால் டவுனுக்குள் ஓட்டிப் பார்க்கும் வரை முள் ஏறாது, மேட்டில்தான் மாட்டும். அதாவது காடி நோயாளி என்று யாரோ ஒருவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. "ஒண்ணும் தூக்கிப் போடாத, எல்லாம் வச்சுக்க" என்றார் போர்மன். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே கருகிப் போன கேஸ்கெட்டையும் ஒரு பொட்டலம் பொடியையும் பிஸ்கட் டின்னில் போட்டேன். படமும் எடுத்தேன்.

முழு ஓவர்ஹால் 4,850 வெள்ளி. பழைய இஞ்சின் ஒன்றை மாற்றினால் மலிவு, ஆனால் இஞ்சின் நம்பர் மாறினால் ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகாவில்) பதிவு மாற்ற வேண்டும், வங்கியையும் கேட்க வேண்டும். வேண்டாம் என்று விட்டோம்.

வேலையைத் தொடங்கு என்று சொல்லும் முன் கடைக்கு எழுத்தில் கேட்டது நல்லதாய்ப் போயிற்று. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சரி செய்து கொடுக்க முதலில் விற்றவருக்கு நியாயமான அவகாசம் தர வேண்டும். அவர் மறுத்தால் வெளியே செய்துகொண்டு செலவைக் கேட்கலாம். பதிவுத் தபாலில் 14 நாள் கொடுத்தேன். வாரண்டி அட்டையின் பின்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினார்கள்: அதிக வெப்பத்தால் வரும் சேதம் சேராது. இஞ்சின் சாவதற்கு அதுவே ஒரு பெரிய காரணம், அதை விட்டுவிட்டு எதற்கு வாரண்டி?

வங்கிக்குப் போன் போட்டால் "நாங்க கடன் மட்டும்தான் கொடுத்தோம், புவான் (அம்மா)." கேட்க நியாயமாக இருந்தாலும் முழு உண்மை இல்லை. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி தவணை முடியும் வரை சொந்தக்காரர் வங்கிதான், நான் வாடகைக்கு எடுத்தவள். 7ஆம் பிரிவு பொருள் தரமாக இருக்க வேண்டும் என்று வங்கி மேலேயே பொறுப்பு வைக்கிறது. ஆனால் பழைய பொருள் என்றால், உத்தரவாதம் இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதி, அது எனக்குக் காட்டப்பட்டதாக நான் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் பொறுப்பு கழன்றுவிடும். மஞ்சள் ஸ்டிக்கர் வேலை அதுதான். விற்பவர் பொய் சொல்லி விற்றிருந்தால் 8ஆம் பிரிவின் கீழ் வங்கி மேலும் பாயலாம், ஒப்பந்தத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். அதற்கு வக்கீல், கோர்ட் என்று அலைய எனக்குத் தெம்பில்லை.

பக்கத்து வீட்டு அண்ணன், "எதுக்கும்மா ஓடாத காடிக்குப் பணம் கட்டற? பேங்க்காரன் வந்து இழுத்துட்டுப் போகட்டும்" என்றார். இதைச் சொல்கிறவர் ஒவ்வொரு தெருவிலும் ஒருவர் இருப்பார். நான் கணக்குப் போட்டேன். ஐந்து தவணையில் கட்டியது 1,690. இந்த நிலை வட்டிக் கணக்கில் வட்டி முன்னால் ஏறி நிற்கும், அசலுக்குப் போனது சுமார் 900 மட்டும். மீதிக் கடன் 20,700 பக்கம். இஞ்சின் இல்லாத காடியை ஏலம் விட்டால் என்ன கிடைக்கும்? பள்ளம் விழும் தொகைக்கு என்னைத்தான் தேடி வருவார்கள். தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் நோட்டீஸ், 21 நாள் கழித்துக் காடியை இழுக்கலாம். 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால்தான் கோர்ட் உத்தரவு வேண்டும், நான் அந்தக் கிட்டத்தில்கூட இல்லை. தவறியது வங்கிகள் எல்லாம் பார்க்கும் சிசிரிஸ் கடன் பதிவிலும் ஏறும். இஞ்சின் சண்டை கடையோடு, தவணை வங்கியோடு. இரண்டையும் கலக்கவில்லை. பட்டறைச் செலவுக்குத் தாலிக்கொடியை அடகுக்கடையில் வைத்தோம், மாதம் 338 ஒரு நாள்கூடத் தாமதமாகவில்லை.

மாமாதான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை ஞாபகப்படுத்தினார். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் தமிழ் வெளியீடுகளைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பவர். மனு போட 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போட வேண்டும், வக்கீலுக்கு இடம் இல்லை. பாரம் 1ஐ நானே மலாயில் நிரப்பினேன். கேட்டது 5,130: ஓவர்ஹாலும் டோவும். மன உளைச்சலுக்கு ஐயாயிரம் சேர்க்கச் சொன்னார் பக்கத்து வீட்டு அண்ணன், சேர்க்கவில்லை.

டிசம்பரில் ஈப்போவில் விசாரணை. சினிமா கோர்ட் மாதிரி எதுவும் இல்லை, ஒரு கூட்ட அறை மாதிரிதான். கடை முதலாளி தௌக்கே, அந்தப் பையனையும் கூட்டி வந்திருந்தார். பையன் என்னை அன்று அக்கா என்று கூப்பிடவில்லை. தௌக்கே முதலில் நீட்டியது நான் கையெழுத்துப் போட்ட அந்தத் தாளைத்தான். தலைவர் அம்மா அதைப் படித்துவிட்டு, இது வங்கிக்கும் இவருக்கும் உள்ளது, உங்களுக்கும் இவருக்கும் என்ன இருக்கிறது என்று கேட்டார். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையைத் தனி ஒப்பந்தம் போட்டுப் பறிக்க முடியாது என்றும் சொன்னார். பிறகு வாட்ஸ்அப்பை நானே மொழிபெயர்த்து வாசித்தேன். "ஹீட் ஆகுமா" என்று நான் கேட்டதும், "ஒரு பிரச்சனையும் இல்லக்கா" என்று அவன் சொன்னதும். பிஸ்கட் டின்னைத் திறந்தேன். தலைவர் அம்மா பொடியைத் தொட்டுப் பார்க்கவில்லை, போர்மன் எழுதிக் கொடுத்த தாளைத்தான் இரண்டு முறை படித்தார்.

எட்டு வருடப் பழைய காடி புதுக்காடி மாதிரி இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. விலை, வயது, விற்றவர் சொன்ன சொல் எல்லாம் சேர்த்து, மறைந்திருந்த குறை தெரிந்திருந்தால் ஒருவர் இதை ஏற்றுக்கொண்டிருப்பாரா என்பதுதான் கேள்வி. தேய்மானம் என்றிருந்தால் நான் தோற்றிருப்பேன், மறைத்தது என்பதால் நின்றேன். தீர்ப்புக்கு முன் சமரசம் பேசச் சொன்னார்கள். 4,000 வெள்ளி, இரண்டு தவணையில். அதையே தீர்ப்பாகப் பதிந்தார்கள். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம் என்பதால் முதல் 2,000 பதின்மூன்றாவது நாள் வந்தது. இரண்டாவதுக்கு நான் இரண்டு தடவை போன் போட வேண்டியிருந்தது. முழுத் தொகைக்கும் நின்றிருக்கலாம் என்று வீட்டுக்காரர் இன்றும் சொல்கிறார். நின்றிருக்கலாம்தான். எனக்கு லீவு தீர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு காடி? சொல்லப் போனால் குறை இல்லை. ஓவர்ஹாலோடு டைமிங் பெல்ட்டும் மாற்றியாயிற்று. 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஞ்சின் ஆறியிருக்கும்போது தண்ணீர் அளவைப் பார்ப்பது மாமாவின் வேலை, காலண்டரில் குறித்தும் வைப்பார். போன வருடம் ஏர்கோன் கம்ப்ரஸர் போனது, 750 வெள்ளி, அது வயசுக்கோளாறு. மெனோரா மேட்டை எத்தனையோ தடவை ஏறிவிட்டோம், முள் பாதியில் நிற்கிறது. நான்தான் இன்னும் ஏறும்போதெல்லாம் அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். 84இல் 42 தவணை முடிந்தது. பாதி கட்டியாயிற்று என்று வங்கியில் கணக்குக் கேட்டால், இன்றைக்கே அடைக்க இன்னும் 12,500 பக்கம் வேண்டுமாம். தாலிக்கொடி வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வாரம் கொழுந்தன் ஒரு பழைய காடி பார்க்கப் போனான். கேள்வியை எல்லாம் எழுத்தில் கேட்டுவிட்டுத்தான் போனான், போர்மனையும் கூட்டிப் போனான். அவர் இஞ்சினைத் தட்டும் முன் ரேடியேட்டர் மூடியைத் திறந்து, விரலை உள்ளே விட்டுத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறார். விரல் சுத்தமாகத்தான் இருந்ததாம். கொழுந்தன் இன்னும் முடிவு செய்யவில்லை.