குடும்பத்தோடு வரைய எந்தக் கரை: தனுஷ்கோடியா, பாம்பனா, பிரகாரமா, படகுத்துறையா?

இராமநாதபுரம் கடற்கரையில் நேரில் உட்கார்ந்து வரைவதும், குடும்பமாக வருகிறவர்களுக்கு வரையச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. "பிள்ளைகளோட சேர்ந்து நாங்களும் வரையணும், எங்க போகலாம்?" என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் தனுஷ்கோடி என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் கேட்கிறார்கள். மற்றவர்களுக்குப் பாம்பன் பாலம், அதை விட்டால் இராமேஸ்வரம் கோயில். நான் கூட்டிப்போக விரும்பும் இடத்தை யாரும் தாமாகக் கேட்பதில்லை. அது மண்டபம், பாம்பன் பக்கத்துப் படகுத்துறை.

நான்கு இடங்களும் வரையத் தகுந்தவைதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயது ஐயாவும் ஒரே விரிப்பில் இரண்டு மணி நேரம் உட்காரப்போகிறார்கள் என்றால் கணக்கு மாறுகிறது. நிழல் உண்டா, வரையும் பொருள் அசையாமல் நிற்குமா, சின்னக் கைக்கு அடங்குமா என்று பார்த்துத்தான் சொல்கிறேன்.

தனுஷ்கோடி

1964 டிசம்பர் 22 இரவு புயல் அடித்து ஊரை எடுத்துக்கொண்டது. மிஞ்சியவற்றில் தேவாலயச் சுவரும் ரயில் நிலையத்தின் இடிபாடும் ஓவியர்களை இழுக்கின்றன. சுவரில் இருப்பது பவளப்பாறைக் கல். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் துளை துளையாகக் கடலின் வேலைப்பாடு தெரியும். 2017-ல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்த பிறகு காரிலேயே போய் இறங்கிவிடலாம்.

தனியாக வரைகிறவருக்கு இதைவிட நல்ல இடம் இந்த மாவட்டத்தில் இல்லை என்றுகூடச் சொல்வேன். குடும்பத்துக்கு முதல் இடமாக இதைச் சொல்லவே மாட்டேன். ஒதுங்க மரம் கிடையாது. வெள்ளை மணலில் பட்ட வெயில் வெள்ளைத் தாளிலும் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். உண்மையான சிக்கல் அங்கே இருக்கும் வெறுமை. பிள்ளை குறுக்கே ஒரு கோடு போட்டு, மேலே வானம், கீழே கடல் என்று இரண்டு நிமிடத்தில் முடித்துவிடும். முடித்தது தப்பும் இல்லை, அங்கே இருப்பது அவ்வளவுதான். அந்த வெறுமையை வரையக் கண் பல வருடம் பழகியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் குடும்பத்தை அங்கே அழைத்துப் போவேன். வீட்டில் புயலுக்கு முந்தைய ஊரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் இருந்து, அவரும் கூட வருவதாக இருந்தால். அப்போது அவர் சொல்லச் சொல்லப் பேரப்பிள்ளை வரையும். சுவர் பாதி கண்ணில் இருக்கும், பாதி அவர் வாயில் இருக்கும். அப்படி உருவான படங்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

கோதண்டராமர் கோயில் பக்கத்துத் தண்ணீரில் பனிக்காலம் முடியும் மாதங்களில் பூநாரைகள் நிற்கும். 2025-ல் அந்தப் பகுதியைச் சரணாலயமாக அறிவித்தார்கள். தூரத்தில் நிற்கும் பறவையை நாலே கோட்டில் பிடிக்கும் பயிற்சிக்கு அது அருமையான இடம்.

பாம்பன் பாலம்

பழைய ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2022 டிசம்பரில் அதில் ரயில் நின்றது, 2025 ஏப்ரல் 6 அன்று புதுப்பாலம் திறந்தார்கள். பழையதில் கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து சாய்ந்து எழுந்தது. புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே நேராக 17 மீட்டர் மேலே போகும். வரைகிறவருக்கு இரண்டும் வேறு வேறு பாடம். பழைய முறையில் சாய்கோணத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. புதியது இரண்டு கோபுரமும் இடையில் ஒரு பட்டையும்தான். எட்டு வயதுப் பிள்ளையும் அடையாளம் தெரியும்படி வரைந்துவிடும்.

நூற்றுக்கும் மேற்பட்ட தூண்கள் தூரம் போகப்போக நெருங்கிக்கொண்டே போவதைக் காட்ட இதைவிடத் தெளிவான இடம் வேண்டாம். பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, இரண்டு தூணுக்கு நடுவில் உள்ள இடைவெளியை அளக்கச் சொல்வேன். தூரத்து இடைவெளி பென்சில் நுனி அளவுக்குச் சுருங்கியிருப்பதைக் கண்டதும் அப்பாக்கள் பிள்ளைகளை மறந்துவிட்டு அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அம்மாக்களும்தான். பொறியியலில் ஆர்வம் உள்ள வீடு என்றால் பாம்பன்தான் சரி.

ஆனால் சாலைப் பாலத்தின்மேல் நின்று வரையக் கூடாது. வண்டிகள் உரசிப் போகும் இடத்தில் பிள்ளையின் கவனம் தாளில் இருந்தால் ஆபத்து. கீழே பாம்பன் கரைக்கு இறங்கி, பாலத்தை அண்ணாந்து பார்க்கும்படி உட்கார வேண்டும். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்கள் ஒரு மணி நேரத்தில் சலித்துவிடுவார்கள். தூண் தூணாக ஒன்றையே திரும்பத் திரும்ப வரைய அவர்களுக்குப் பொறுமை இருக்காது, அதைக் கேட்பதும் நியாயமில்லை.

கோயிலின் மூன்றாம் பிரகாரம்

1212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். கண் போகிற வரை ஒரே புள்ளியை நோக்கி ஓடும் தூண் வரிசை. நிழலுக்குக் குறைவில்லை. ஆனால் தீர்த்தமாடி ஈரத்துணியோடு வருகிறவர்களின் பாதை அது. தரை ஈரமாக இருக்கும், கூட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். ஐந்து பேர் கொண்ட குடும்பம் வழியில் உட்கார்ந்தால் பக்தர்களுக்கு இடைஞ்சல். கோயிலுக்குள் போக வந்தவருக்கு அங்கே முதல் உரிமை.

அதனால் இங்கே வேறு முறை வைத்திருக்கிறேன். உள்ளே தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம். கைபேசிக்கு அனுமதி இல்லாததால் படம் பிடிக்கும் வாய்ப்பும் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு தூணை மட்டும் தேர்ந்தெடுத்து, அடி முதல் தூணின் தலைப்பகுதியான போதிகை வரை கண்ணாலேயே தடவிப் பார்த்துவிட்டு வெளியே வர வேண்டும். பிறகு அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்து நினைவிலிருந்து வரைய வேண்டும். பெரியவர்கள் தூணின் உயரத்தை நினைவில் வைத்திருப்பார்கள், பிள்ளைகள் தங்கள் கண்மட்டத்தில் இருந்த செதுக்கலை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுத் தூண் கிடைத்துவிடும். கோயில் கோயிலாகப் போய் உட்கார்ந்து சிற்பங்களை வரைந்த ஓவியர் சில்பி, ஒரு சிலை முன்னால் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருப்பார் என்று அப்போது அவர்களுக்குச் சொல்வேன். பார்த்தல்தான் இந்த இடத்தின் பாடம், வரைதல் பிறகு. மழை நாட்களுக்கும் இதுவே என் தேர்வு.

படகுத்துறை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக் கோடை விடுமுறையும் இதற்குள்ளேயே வருகிறது. அந்த நாட்களில் மண்டபம், பாம்பன், இராமேஸ்வரம் கரைகளில் படகுகள் ஏறி நிற்கும். ஒருவர் பலகை மாற்றுவார், இன்னொருவர் பலகை இடுக்கில் நூல் திணித்துக் கலப்பத்துப் பார்ப்பார், ஒரு பக்கம் பெயின்ட் அடிப்பு நடக்கும், படகு நிழலிலேயே வலையைப் பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்ப்பார்கள்.

மிதக்கும்போது படகின் பாதியைத்தான் பார்க்கிறோம். கரையேறி நிற்கும்போது அணியம் என்னும் முன்முனை முதல் அடியில் நீளமாக ஓடும் ஏரா என்னும் கட்டை வரை முழு உடம்பும் தெரிகிறது. பிள்ளையின் தலைக்கு மேலே எழுந்து நிற்கும் அந்த வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வரையலாம். தொட்டுப் பார்த்த வளைவு கோட்டில் வந்துவிடும். மற்ற மூன்று இடங்களிலும் இது நடக்காது.

படகு வரைவது கடினம் என்று பெரியவர்கள் பயப்படுவார்கள். அதற்கு ஓவியர்கள் பலரும் கையாளும் பழைய வழி ஒன்று உண்டு. 8 என்ற எண்ணைப் படுக்கவைத்து வரையுங்கள். மேல்விளிம்பு இரண்டு பக்கமும் எப்படி ஏறி இறங்குகிறது என்பதை அந்த வளைவு தந்துவிடும். முனையிலிருந்து ஏராவுக்கு ஒரு கோடு இறக்கினால் படகு நிமிர்ந்து நின்றுவிடும். பிறகு அடியில் விழும் நிழலைக் கருப்பாக்க வேண்டும். நிழல் வந்த பிறகே படகுக்கு எடை வரும்.

இங்கே இன்னொரு நன்மை, சொல்லித்தர என்னைத் தவிரவும் ஆள் இருக்கிறார்கள். வெளியூர்ப் பிள்ளை தனக்குத் தெரிந்த காகிதக் கப்பலை வரைந்துவிட்டு நிமிரும்போது, பக்கத்தில் உட்கார்ந்த மண்டபத்துப் பிள்ளை, "அடியில விசிறிய விட்டுட்டியே, அது இல்லாம எப்படி ஓடும்?" என்று கேட்கும். அதற்குப் பிறகு இரண்டு பேரும் எழுந்து போய்ப் படகின் பின்பக்கம் குனிந்து பார்ப்பார்கள். நான் நாள் முழுக்கப் பேசினாலும் அந்தக் குனிதலுக்கு ஈடாகாது. வேலை பார்க்கும் அண்ணன்மார், "அந்தக் கயிறு அப்படிப் போகாது தம்பி" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் அழகைப் பற்றியது இல்லை, வேலையைப் பற்றியது. பிள்ளைகள் அதை மனம் கோணாமல் எடுத்துக்கொள்கிறார்கள்.

குறைகளும் உண்டு. ஆணி, இழுத்துக் கட்டிய கயிறு, ஈரப் பெயின்ட் எல்லாம் காலடியிலேயே கிடக்கும், சின்னப் பிள்ளைகள்மேல் ஒரு கண் வேண்டும். மே வெயிலில் காலை ஒன்பதுக்கு மேல் தாங்காது, விடிந்ததும் வந்துவிட வேண்டும். இதைவிட முக்கியமான ஒன்று: தடைக்காலம் இந்த வீடுகளுக்கு வருமானம் குறைந்த காலம். படகு இலங்கையில் பிடிபட்டு அங்கேயே நிற்கும் குடும்பங்களும் இதே கரையில் இருக்கின்றன. "உங்க படகு எது?" என்று பிள்ளை கேட்கும் முன்பே பெற்றோர் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். படகுக்காரரிடம் கேட்டுவிட்டு உட்காருங்கள், முடித்ததும் படத்தை அவரிடம் காட்டுங்கள். ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

கையில் எதை எடுப்பது?

வீட்டிலிருந்து பென்சிலும் ரப்பரும் கொண்டுவருவார்கள். ரப்பரை நான் வாங்கி வைத்துக்கொள்வேன். மணல் ஒட்டிய ரப்பர் தாளைச் சுரண்டிவிடும் என்பது ஒரு காரணம். அழித்து அழித்தே காலை போய்விடும் என்பது பெரிய காரணம். குடும்பத்துக்குப் பந்துமுனைப் பேனாதான் என் பரிந்துரை. போட்ட கோடு நிற்கும், சரியான கோட்டைப் பக்கத்திலேயே இன்னொன்றாகப் போட்டுக்கொள்ளலாம். அம்மாவும் மகளும் ஒரே பேனாவில் வரைந்தால் யார் கெட்டிக்காரர் என்ற பேச்சும் அடங்கிவிடுகிறது.

வாட்டர்கலர் இரண்டாம் முறை வருகிறவர்களுக்கு. கச்சான் காற்றில் வண்ணம் பரவும் முன்பே காய்ந்துவிடும், வாடை மாதங்களில் காயவே காயாது. ஈர வண்ணத்தின்மேல் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் உப்பு நிறத்தை உறிஞ்சிப் பூப்பூவாகத் தடம் விடும். வாலிநோக்கம் உப்பளங்கள் இருக்கும் இந்த மாவட்டத்தில் இதைச் செய்து காட்டாமல் இருக்க எனக்கு மனம் வராது. தாளின் இரண்டு ஓரத்திலும் கிளிப் போட மறக்கக் கூடாது.

யார் சொல்லித்தருவது?

நான் முன்னால் நின்று வரைய எல்லோரும் அதைப் பார்த்து வரையும் முறை பெற்றோருக்குப் பிடிக்கும். முடிவில் எல்லாத் தாளிலும் அழகான படகு இருக்கும். ஆனால் அது நான் பார்த்த படகு. இன்னொரு முறையில் நீளமான ஒரே தாளைக் குடும்பத்தின் குறுக்கே விரித்து, அணியத்தைப் பாட்டி, நடுவை அப்பா, பின்பக்கத்தைப் பிள்ளை என்று பிரித்து வரைவார்கள். படகு வளைந்து நெளிந்துதான் வரும். எனக்கு இதுதான் பிடித்தது, ஏனென்றால் கோடு சேரும் இடத்தில் ஒருவர் மற்றவரைக் கேட்டே ஆக வேண்டும். பெற்றோருக்கு ஒரே ஒரு நிபந்தனை: பிள்ளையின் பகுதியில் பேனா வைக்கக் கூடாது.

2007-ல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ என்ற பத்திரிகை ஓவியர் தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் குழு, நேரில் பார்த்து அந்த இடத்திலேயே வரைய வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறது. கோட்டுக்கு அந்த விதியை நானும் விடுவதில்லை. வண்ணத்தை மட்டும் வீட்டில் போய்ப் போடுங்கள் என்று விட்டுவிடுவேன். வெயிலில் வாடும் பிள்ளையைவிட விதி பெரிதில்லை.

தடைக்காலத்தில் வர முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். இராமேஸ்வரத்து விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் தொழில், மற்ற நாட்களில் துறையில் நிற்கும். எந்த நாள் என்று முதல்நாளே கரையில் விசாரித்துக்கொள்ளுங்கள். கச்சான் மாதங்களில் மண்டபத்தின் வடக்குக் கரைக்குப் போங்கள், இங்கே பெண் கடல் என்று சொல்லும் அந்தப் பாக் விரிகுடா அப்போது அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் தெற்கே ஆண் கடல் எனப்படும் மன்னார் வளைகுடாப் பக்கம். நாலைந்து வயதுப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பு போதும், நிழலில் உட்கார்ந்து ஒரு மரத்தை வரைந்துவிட்டு வரலாம். பன்னிரண்டு மணி வெயிலில் எங்கேயும் போக முடியாமல் இராமநாதபுரம் நகரில் மாட்டிக்கொண்டால் அரண்மனை இராமலிங்க விலாசத்துக்குள் போங்கள். சேதுபதிகள் காலச் சுவரோவியங்களில் யானையும் போரும் இருக்கின்றன, பிள்ளைகள் தாமாகவே பேனாவை எடுத்துவிடுவார்கள்.