நூற்பாலையில் இணையவழி மின் கண்காணிப்பு: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

பல்லடத்துக்கு அருகில் நாங்கள் நடத்தும் சிறிய நூற்பாலைக்கு 400 கேவிஏ (மின் சுமையின் அளவு) அனுமதி பெற்ற உயர் அழுத்த மின் இணைப்பு இருக்கிறது. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூம் முதல் நூலைக் கோனில் சுற்றும் ஆட்டோகோனர் வரை 14 ஃபீடர்களில் (இயந்திரங்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் தனித்தனி இணைப்புகளில்) மின் அளவுகளைக் காட்டும் மல்டிஃபங்ஷன் மீட்டர் பொருத்தி, அவற்றின் ரீடிங்கை நிமிடத்துக்கு ஒருமுறை சிம் கார்டு போட்ட ஒரு கேட்வே பெட்டி வழியாகக் கைப்பேசிக்கு அனுப்பும் சேவையை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறோம். குறைகளையும் சொல்லப் போவதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

இதற்கு முன் எங்களிடம் இருந்தது ஒரு ரீடிங் நோட்டு. எட்டு மணி நேரக் கணக்கை ஷிப்ட் முடியும்போது ஒரே மூச்சில் எழுதி முடிப்பது பல மில்களில் உள்ள வழக்கம்தான்; எங்கள் நோட்டிலும் எழுத்தின் சாய்வைப் பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

இந்தப் பெட்டி முதலில் தன் விலையை ஈடுகட்டியது ஒரு வார விடுமுறை நாளில். மில் முழுவதும் நின்றிருந்தும், தானியங்கி முறையில் விடப்பட்ட 30 கிலோவாட் காற்றுக் கம்ப்ரசர் மட்டும் ஆறு நிமிடத்துக்கு ஒருமுறை லோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்ததை வரைபடம் ரம்பப் பல்லைப் போலக் காட்டியது. காற்றைப் பயன்படுத்த ஓர் இயந்திரமும் ஓடாதபோது அந்தக் காற்று எங்கே போகிறது? மறுநாள் எங்கள் எலெக்ட்ரீசியன் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாகப் பைப் லைனோடு நடந்து, பெரும்பாலும் அறுந்த நூலைக் காற்றால் இணைக்கும் ஆட்டோகோனர் ஸ்ப்ளைசருக்குப் போகும் குழாய் இணைப்புகளில், 11 கசிவுகளைக் கண்டுபிடித்தார். "மில்லு ஓடறப்ப இந்தச் சத்தம் காதுலயே விழாதுங்க சார்" என்றார், அது உண்மைதான்.

நிறுவிய விதத்தைப் பாராட்ட முடியவில்லை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமின் ஃபீடர் ஒன்று இரண்டு வாரமாக 20 கிலோவாட் என்றே காட்டிவந்தது. கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று ஃபேஸிலும் ஆம்பியர் சமமாக இருந்தது, லோடு 60 கிலோவாட்டை ஒட்டி வந்தது. மீட்டருக்கு மின்னோட்டத்தை அளந்து தரும் மூன்று சிடிகளில் (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) ஒன்றின் எஸ்1, எஸ்2 முனைகளை மாற்றிக் கொடுத்திருந்ததால், ஒரு ஃபேஸின் கணக்கு மற்றொன்றின் கணக்கைக் கழித்துவிட்டது. மேலும், மீட்டர்களை இணைக்கும் ஆர்எஸ்-485 தகவல் கேபிளை, மில்லுக்குள் ஈரப்பதம் காக்கும் ஹியூமிடிஃபிகேஷன் விசிறியின் விஎஃப்டி (வேகத்தை மாற்றும் கருவி) கேபிளோடு ஒரே டிரேயில் போட்டிருந்தார்கள். விசிறி வேகம் மாறும்போதெல்லாம் ரீடிங் விட்டுப்போனது. ஷீல்டு கேபிளைத் தனிக் குழாயில் இழுத்து, கடைசி முனையில் 120 ஓம் ரெசிஸ்டர் போட்ட பிறகே அது நின்றது. அந்தச் செலவு எங்களுடையது.

செயலியின் 'சேமிப்பு' பக்கத்தை நான் நம்புவதில்லை. போர்வெல் மோட்டாரையும் கழிவுப் பஞ்சு பேலிங் பிரஸ்ஸையும் காலையிலிருந்து மதியத்துக்கு மாற்றியதிலும் கசிவுகளை அடைத்ததிலும் எங்கள் உச்ச டிமாண்டு (மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்சச் சுமை) 372 கேவிஏயிலிருந்து 340-க்கு இறங்கியது. 32 கேவிஏக்கும் பணம் மிச்சம் என்று செயலி காட்டியது. ஆனால் தமிழ்நாட்டில் பதிவான டிமாண்டு, அனுமதிக்கப்பட்ட டிமாண்டில் 90 சதவீதம் ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம் என்பதால், எங்கள் 400-இல் 90 சதவீதமான 360-க்குக் கீழே இறங்கிய 20 கேவிஏக்கு ஒரு பைசாகூடக் குறையவில்லை. அனுமதி அளவைக் குறைத்து வாங்கலாம்தான். கோடையில் ஹியூமிடிஃபிகேஷன் முழு வீச்சில் ஓடும்போது மீறிவிடுமோ என்ற தயக்கத்தில் அதைத் தள்ளிப்போட்டிருக்கிறேன். உச்ச நேரக் கட்டணத்திலும் இதே கோளாறுதான். 2022 செப்டம்பர் முதல் இங்கே காலை 6 முதல் 10 வரையும் மாலை 6 முதல் இரவு 10 வரையும் யூனிட் கட்டணத்தில் 25 சதவீதம் கூடுதல். செயலியிலோ வேறு ஏதோ மாநிலத்தின் நேரம் இருந்தது. மூன்று முறை கேட்ட பிறகே திருத்தினார்கள். எப்படியும் இராப்பகலாக ஓடும் ரிங் ஃபிரேமை மதியத்துக்கு மாற்ற முடியாது என்பதால், இந்த நேரப் பட்டியலால் எங்களுக்குக் கிடைப்பது மோட்டாரையும் பிரஸ்ஸையும் மாற்றிய அளவுக்கான இலாபம்தான்.

நான் கண்டிப்பாக மறுத்தது ஒன்று உண்டு. கைப்பேசியிலிருந்தே பிரேக்கரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்) ஆஃப் செய்யும் வசதியையும் சேர்த்துத் தருவதாகவும், அதற்காக அலுவலக ரூட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர ஒரு போர்ட்டைத் திறந்துவிட வேண்டும் என்றும் சொன்னார்கள். மீட்டர்கள் பேசும் மோட்பஸ் என்ற தகவல் மொழி 1979-இல் வந்தது. கட்டளை தருபவர் யார் என்று கேட்கும் ஏற்பாடு அதில் இல்லை. உக்ரைனில் 2015 டிசம்பரில் மின் விநியோக நிறுவனங்களின் கணினிகளுக்குள் புகுந்தவர்கள் தொலைவிலிருந்தே பிரேக்கர்களைத் திறந்து, சுமார் 2.25 லட்சம் இணைப்புகளை இருட்டாக்கினார்கள். எங்கள் மில்லை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்று விற்பனையாளர் சிரித்தார். குறிவைக்க வேண்டியதில்லை, திறந்த போர்ட்டைத் தேடித் தானாக அலையும் நிரல்களுக்கு மில் சிறிதா பெரிதா என்று தெரியாது.

சிக்னல் போகும் நேரங்களில் கேட்வே தன்னிடமே ரீடிங்கைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பிவிடுகிறது. இதில் இதுவரை ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆண்டுச் சந்தாவையும் கட்டிவிட்டேன். பிரேக்கரை ஆஃப் செய்வதற்கென்று பெட்டியோடு வந்த ரிலே போர்டு மட்டும் கம்பி கொடுக்கப்படாமல் பேனல் ரூம் அலமாரியில் கிடக்கிறது.