149 திர்ஹம் பிள்ளையார்

பர் துபாயில் கோயில் சந்துப் பக்கம் ஒரு பூக்கடை. விநாயகர் சதுர்த்திக்கு "பூஜைப் பெட்டி" என்று ஒன்றை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். கடைப் பெயரைப் போடப் போவதில்லை. கொஞ்சம் குறை சொல்ல வேண்டியிருக்கிறது, கடைக்காரரோ நல்ல மனிதர்.

வழக்கமாக நானே நேரில் போய்த்தான் வாங்குவேன். ஆனால் 2025-இல் சதுர்த்தி ஆகஸ்ட் 27, புதன்கிழமை. ஆபீஸுக்கு லீவு இல்லை. ஆகஸ்ட் மாதம் அந்தச் சந்தில் சாயங்காலம் ஏழு மணிக்கு நின்றாலும் கண்ணாடியில் ஆவி படிந்து எதிரே வருகிறவர் முகம் தெரியாது. மாயவரத்து வெயிலில் வளர்ந்தவள்தான் நான். இந்த ஊர்ப் புழுக்கம் வேறு ரகம். அதனால் இந்த முறை வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டேன். கொழுக்கட்டையோடு 149 திர்ஹம், கொழுக்கட்டை இல்லாமல் 99. சோம்பல், 149.

செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரைக்குப் பெட்டி வந்தது. ஏழு மணி என்று சொல்லியிருந்தார்கள். கொண்டுவந்த தம்பியின் சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தேறும். "அக்கா, பிள்ளையாரை நிமிர்த்தியே வைங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு ஓடினார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

உள்ளே அரையடி உயரக் களிமண் பிள்ளையார், காகிதக் குடை, எருக்கம்பூ மாலை, ஒரு கட்டு அருகம்புல், பூணூல், சந்தனம், வாழைப்பழம், ஒரு விளாம்பழம், ஒரு சோளக்கதிர். நாவல்பழம் வரவில்லை. பட்டியலில் இருந்தது, கேட்டதற்கு "இந்த வாட்டி சரக்கு நல்லா இல்லை மேடம்" என்றார்கள். சரி.

எருக்கம்பூ மாலை அருமை. சென்னையிலிருந்து விமானத்தில் வந்ததாம், ஒரு பூகூட வாடவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஹத்தா போகிற வழியில் மணல் ஓரமெல்லாம் இந்த எருக்குதான் கேட்பாரற்று வளர்ந்து கிடக்கிறது, ஆடுகூடத் தின்பதாகத் தெரியவில்லை. அருகம்புல்லும் அப்படித்தான். எங்கள் குடியிருப்புக்குக் கீழே இருக்கும் புல்தரை முழுக்க அருகுதான். ஆனால் பறித்து வர மனசு வரவில்லை. இங்கே பூங்காவுக்கும் புல்லுக்கும் பாய்ச்சுவது சுத்திகரித்த கழிவுநீர். அது தெரிந்த பிறகு பிள்ளையார் தலையில் எப்படி வைப்பது? காசு கொடுத்து வாங்கிய கட்டே மேல்.

இனி பிள்ளையாருக்கு வருகிறேன். முகம் லட்சணம். குண்டுமணிக் கண் கிடையாது, கறுப்பு பெயிண்டில் இரண்டு புள்ளி. பூவோடு பூவாகக் குளிர் அறையில் வைத்திருந்திருக்கிறார்கள் போல. சில்லென்று இருந்தவரை வெளியே புழுக்கத்துக்குக் கொண்டுவந்து பிளாஸ்டிக் சுற்றியதும், சுற்றியதற்குள்ளே முத்து முத்தாக வேர்த்துவிட்டது. சுடாத களிமண் அந்த ஈரத்தைக் குடித்து ஊறிப் போயிருக்கிறது. நான் பிளாஸ்டிக்கை மெதுவாகத்தான் உரித்தேன். தும்பிக்கையின் நுனி அதோடு ஒட்டிக்கொண்டு தனியாக வந்துவிட்டது. மீதி உடம்பு காலைக்குள் ஏசியில் காய்ந்து, வயிற்றில் மெல்லிசாக ஒரு விரிசல்.

கொழுக்கட்டையைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 21 என்று எண்ணி வைத்திருந்தார்கள். பூரணம் தேங்காய், வெல்லம், ஏலக்காய் எல்லாம் சரியாகத்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் பைக் பெட்டிக்குள் இரண்டரை மணி நேரம் ஊர் சுற்றிய தேங்காய் என்ன ஆகும்? மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை. அப்படியே குப்பைக்குப் போயிற்று.

விடிகாலை நாலரைக்கு எழுந்து நானே மாவு கிளறினேன். கையோடு, ஒரு சிட்டிகை மாவை உருட்டி உடைந்த தும்பிக்கைக்கு நுனி வைத்தேன். பழுப்புப் பிள்ளையாருக்கு வெள்ளை நுனி. வீடியோ காலில் பார்த்த அம்மா, "என்னடி இது, தயிர்சாதம் தின்னுட்டு வாயத் தொடைக்காம வந்துட்டாரா?" என்றாள். சாம்பிராணியை மட்டும் பால்கனியில் வைத்தேன். ஹாலில் காட்டினால் புகை அலாரம் கத்தி மொத்த மாடியும் இறங்க வேண்டியதுதான், மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு முறை இறங்கியிருக்கிறோம்.

உடைந்த தும்பிக்கையைப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் போன் வந்தது. சாக்கு சொல்லவில்லை, 50 திர்ஹம் திருப்பித் தருகிறேன் என்றார், அன்றைக்கே தந்தும்விட்டார். அதனால்தான் அடுத்த வருஷமும் அவரிடமே வாங்கப் போகிறேன். ஆனால் 99 திர்ஹம் பெட்டி, முதல் நாள் காலையிலேயே வரும்படி. பிள்ளையாரைப் பூவோடு வைக்காமல் தனியாக, காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லுங்கள். இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை அனுப்பக் கூடாது என்று அம்மா சொன்னதால் சனிக்கிழமை கரைத்தோம், பால்கனியில், நீல வாளியில். இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கொதிக்கும். குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் ஹீட்டரை அணைத்துவிட்டுச் சூடுநீர்க் குழாயைத் திறக்க வேண்டும். பிள்ளையாருக்கு வெந்நீர் ஊற்றுவதா என்று என் பெண் சண்டைக்கு வந்ததால் அப்படித்தான் பிடித்தோம். கால் மணி நேரத்தில் களிமண் கரைந்து அடியில் வண்டலாகிவிட்டது. தும்பிக்கை நுனி மட்டும் கரையவே இல்லை. அதை எடுத்துப் பால்கனிக் கம்பியில் வைத்தாள், மைனா வந்து கொத்திக்கொண்டு போயிற்று. வண்டல் தண்ணீர் கறிவேப்பிலைத் தொட்டிக்கு.