உறைய வைப்பதா, கூறு போடுவதா, பகிர்ந்துகொள்வதா: மால்டோவா, போஸ்னியா, மாசிடோனியா

1990 ஆகஸ்டு 19 அன்று, அப்போது சோவியத் குடியரசாக இருந்த மால்டோவாவின் தெற்கே கொம்ராட் நகரில் கூடிய ககாவுஸ் என்னும் சிறுபான்மை இனத்தின் பிரதிநிதிகள் தங்களுக்கென்று ஒரு குடியரசை அறிவித்தார்கள். இரண்டே வாரத்தில், செப்டம்பர் 2 அன்று, நீஸ்டர் ஆற்றங்கரையில் இருக்கும் திராஸ்போலிலும் அதே மாதிரி ஓர் அறிவிப்பு வந்தது. இரண்டு பகுதிகளும் ஒரே நாட்டுக்குள் இருப்பவை. இரண்டையும் கிளப்பிவிட்டது 1989இல் வந்த மொழிச் சட்டம்: அரசு மொழி மால்டோவிய மொழி, அதை எழுத லத்தீன் எழுத்து. மால்டோவா நாளைக்கே ருமேனியாவோடு சேர்ந்துவிட்டால் நம் கதி என்ன என்ற பயமும் இரண்டு இடத்திலும் இருந்தது.

நாலு வருடத்தில் ககாவுஸ் சிக்கல் ஒரு சட்டத்தில் முடிந்தது. திராஸ்போலைத் தலைநகராகக் கொண்ட டிரான்ஸ்னிஸ்ட்ரியாவோ 1992இல் போரைப் பார்த்துவிட்டு, ஐ.நா. உறுப்பு நாடு ஒன்றுகூட அங்கீகரிக்காத தனி நாடாக இன்னும் நிற்கிறது. ஏன் இந்த வித்தியாசம்?

கம்யூனிச ஆட்சி விழுந்த நாடுகளில் வெடித்த இனச் சண்டைகளைப் பற்றிப் பேச்சு வந்தாலே, 'அது நூற்றாண்டுப் பகை, அடக்கி வைத்திருந்தார்கள், மூடி திறந்ததும் பொங்கிவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள். இந்த விளக்கத்தை நான் ஏற்கவில்லை. 1989 கணக்கெடுப்பின்படி டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் 40 சதவீதம் பேர் மால்டோவியர்கள், 28 சதவீதம் உக்ரைனியர்கள், 25 சதவீதம் ரஷ்யர்கள். ஒரே இனம் திரண்டு எழுந்த இடம் இல்லை அது. எழுந்தவர்கள் பெரிய ஆலைகளின் நிர்வாகிகள், உள்ளூர் சோவியத் மன்றங்களின் தலைவர்கள். மாஸ்கோவோடு இருந்த தொடர்பு அறுந்தால் அவர்களுடைய பதவியும் தொழிலும் போய்விடும். பக்கத்திலேயே சோவியத்தின் 14ஆவது ராணுவம் ஆயுதக் கிடங்கோடு உட்கார்ந்திருந்தது. ககாவுஸ் மக்கள்தான் உண்மையிலேயே தனி இனம்: துருக்கிய மொழி பேசும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள், ஒன்றரை லட்சம் பேர் அளவில். ஆனால் அவர்களிடம் இருந்ததெல்லாம் திராட்சைத் தோட்டங்களும் ஏழைக் கிராமங்களும்தான். அதாவது, எந்த இடத்தில் இன அடையாளம் கூர்மையாக இருந்ததோ அங்கே போர் வரவில்லை. எங்கே பிரிவினைக்குப் பின்னால் ஆலையும் ராணுவமும் நின்றதோ அங்கே வந்தது.

இதற்கு இன்னொரு அடிவேரும் உண்டு. சோவியத் ஒன்றியமும் யுகோஸ்லாவியாவும் மண்ணை இனப் பெயர் வைத்துப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நாடாளுமன்றம், கட்சிக் குழு, கொடி என்று கொடுத்து வைத்திருந்தன. மையம் பலமாக இருந்தவரை அவை வெறும் பெயரளவுக்குத்தான். மையம் சரிந்த அன்று, தயார் நிலையில் இருந்த அரசுகளாக மாறிவிட்டன.

சரி, தீர்வுகளுக்கு வருவோம். இந்த நாடுகளில் முயன்று பார்த்த வழிகளில் நாலை எடுத்து ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம்.

முதல் வழி, உறைய வைப்பது. 1992 ஜூலை 21 அன்று ரஷ்ய அதிபர் யெல்ட்சினும் மால்டோவாவின் அதிபர் ஸ்னேகூரும் கையெழுத்துப் போட்டதும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவில் துப்பாக்கிகள் ஓய்ந்தன. அதற்கப்புறம் அங்கே பெரிய சண்டை இல்லை. ஜார்ஜியாவிலும் கராபாக்கிலும் பின்னால் நடந்ததோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் படைகளை 2002க்குள் எடுத்துவிடுவதாக ரஷ்யா 1999இல் இஸ்தான்புல்லில் வாக்குக் கொடுத்தது, இன்றும் சுமார் 1,500 ரஷ்யப் படையினர் அங்கே இருக்கிறார்கள். அந்தப் பகுதியின் பொருளாதாரமே காசு கொடுக்காமல் வாங்கிய ரஷ்ய எரிவாயுவின்மேல் நின்றது. 2025 ஜனவரி 1 அன்று உக்ரைன் வழியாக வந்துகொண்டிருந்த எரிவாயு நின்றதும், நடுக் குளிர்காலத்தில் வீடுகளின் வெப்பமூட்டல் நின்றது, ஆலைகள் மூடின, மின்வெட்டு வந்தது. முப்பது வருடம் தள்ளிப்போட்ட பிரச்சினையின் விலையை, 1992இல் பிறந்திராத குழந்தைகள் கம்பளிக்குள் சுருண்டு கொடுத்தார்கள். உறைநிலையை 'நிலைத்தன்மை' என்று அழைப்பவர்கள்மேல் எனக்கு வரும் கோபம் இதனால்தான்.

இரண்டாவது வழி ககாவுசியா: தனித் தகுதி பெற்ற தன்னாட்சிப் பகுதி. 1994 டிசம்பர் 23 அன்று மால்டோவா நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, எல்லையை மேலே இருந்து யாரும் கோடு போட்டு வரையவில்லை. ககாவுஸ் மக்கள் பாதிக்கு மேல் இருக்கும் ஊர்கள் நேராகச் சேர்ந்தன. மற்ற ஊர்கள் வேண்டுமா வேண்டாமா என்று வாக்குப் போட்டு முடிவு செய்தன. அதனால் வரைபடத்தில் ககாவுசியா ஒட்டாத துண்டுகளாகக் கிடக்கிறது. பார்க்க அழகாக இல்லைதான், ஆனால் மனமில்லாத ஊர் எதையும் இழுத்துப் போடவில்லை. இரண்டாவது, மால்டோவா தன் சுதந்திர நாட்டுத் தகுதியை இழந்தால் ககாவுஸ் மக்களுக்குத் தங்கள் விதியைத் தாங்களே தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று சட்டமே சொல்கிறது. ருமேனியாவோடு சேர்ந்துவிடுவார்களோ என்ற பயத்துக்கு நேரான பதில் அது. மற்றபடி, தேர்ந்தெடுக்கப்பட்ட பாஷ்கான் என்னும் தலைவர் நாட்டின் அமைச்சரவையிலும் உறுப்பினர். மூன்று அலுவல் மொழிகள்.

இப்படி ஒரு தீர்வு சாத்தியமானதற்குக் காரணம், இரத்தம் சிந்துவதற்கு முன்பே பேசியதுதான். 1990 அக்டோபரில் அன்றைய பிரதமர் மிர்ச்சா துருக்கின் ஆட்சி ககாவுஸ் பகுதிக்குத் தன்னார்வலர் கூட்டத்தை அனுப்பியது. சோவியத் உள்துறைப் படை குறுக்கே நின்றதால் பெரிய மோதல் நடக்கவில்லை. அன்று இரத்தம் சிந்தியிருந்தால் 1994இன் சட்டம் வந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

மூன்றாவது வழி, கூறு போடுவது. போஸ்னியாவில் சுமார் ஒரு லட்சம் பேர் செத்த பிறகு, ஸ்ரெப்ரெனிட்சாவில் எட்டாயிரம் அளவில் ஆண்களையும் சிறுவர்களையும் கொன்ற அதே 1995ஆம் ஆண்டில், டேட்டன் ஒப்பந்தம் வந்தது. நிலம் 51க்கு 49 என்று இரண்டு அமைப்புகளாகப் பிரிந்தது. ஒரு பக்கத்துக்குள் கான்டன் என்னும் பத்து உட்பகுதிகள். அதிபர் பதவிக்கு மூன்று பேர்: ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோட், ஒரு செர்பியர். எல்லோருக்கும் தடுப்பு அதிகாரம். அரசியலமைப்புச் சட்டமே அந்த ஒப்பந்தத்தின் 4ஆம் இணைப்புதான்.

டேட்டனைக் குறை சொல்வது சுலபம். அது கொலையை நிறுத்தியது, இன்றுவரை நிறுத்தி வைத்திருக்கிறது. அந்த ஒரு காரணத்துக்காகவே அதைத் தூக்கி எறியச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அது குடிமகனைப் பார்த்து முதலில் 'நீ எந்த இனம்?' என்று கேட்கிறது. ரோமா இனத்தவரான தெர்வோ செய்திச்சும் யூதரான யாக்கோப் ஃபின்சியும் தாங்கள் அதிபர் பதவிக்கே போட்டியிட முடியாது என்பதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அரசியலமைப்பு இன்னும் மாறவில்லை, ஏனென்றால் மாற்ற வேண்டியவர்கள் அந்தக் கட்டமைப்பால்தான் வாழ்கிறார்கள். சில ஊர்களில் ஒரே பள்ளிக் கட்டடத்துக்குள் போஸ்னியாக் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோட் பிள்ளைகளுக்கு வேறொன்று. 'ஒரே கூரையின்கீழ் இரண்டு பள்ளிகள்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. முட்டுக்கட்டை விழும்போதெல்லாம் ஒப்பந்தத்தை மேற்பார்வையிட வெளிநாட்டிலிருந்து வந்த உயர் பிரதிநிதி சட்டத்தைத் திணிக்கிறார். 2022 அக்டோபரில், வாக்குப்பதிவு முடிந்த இரவிலேயே, தேர்தல் சட்டத்தின் சில பகுதிகளை அவர் மாற்றினார். தன் சிக்கலைத் தானே அவிழ்க்கப் பழகாத நாடாக போஸ்னியா ஆகிவிட்டது.

நாலாவது வழி மாசிடோனியாவின் (இன்று வடக்கு மாசிடோனியா) ஓஹ்ரிட் ஒப்பந்தம், 2001 ஆகஸ்டு 13. என் பார்வையில் இந்த நாலில் சிறந்தது இதுதான்.

அங்கே நாலில் ஒருவர் அல்பேனியர். 1991 அரசியலமைப்பின் முகவுரையோ நாட்டை மாசிடோனிய மக்களின் தேசிய அரசு என்று எழுதி வைத்திருந்தது. தெத்தோவோவில் அல்பேனிய மொழிப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது போலீஸ் வந்தது. அல்பேனியக் கொடியை நகராட்சிக் கட்டடத்தில் பறக்கவிட்ட கோஸ்திவார் மேயர் சிறைக்குப் போனார், அந்தக் கொடியை 1997இல் போலீஸ் இறக்கப் போனபோது மூன்று பேர் செத்தார்கள். போலீஸிலும் அரசு வேலையிலும் அல்பேனியர்கள் மிகக் குறைவு. 2001 தொடக்கத்தில் அல்பேனியக் கிளர்ச்சித் தலைவர் அலி அஹ்மெத்தியின் படை மலைகளில் துப்பாக்கி ஏந்தியது. போர் முடிந்திருந்த பக்கத்துக் கொசோவோவில் மிஞ்சிக் கிடந்த ஆயுதங்களும் ஆட்களும் அதற்குக் கைகொடுத்தன.

சில மாதங்களிலேயே பேசி முடித்தார்கள். இன விவகாரங்களுக்கு நிலத்தைப் பிரிப்பது தீர்வாகாது என்று ஒப்பந்தம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. கோடு போடாமலே கேட்டதில் பெரும்பகுதியைக் கொடுத்தது: 20 சதவீதத்துக்கு மேல் பேசுகிறவர்கள் உள்ள மொழிக்கு அலுவல் தகுதி, அரசு வேலையில் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம், நகராட்சிகளுக்குக் கூடுதல் அதிகாரம். மொழி, பண்பாடு போன்ற சட்டங்களுக்கு நாடாளுமன்றத்தில் மொத்தப் பெரும்பான்மை போதாது, சிறுபான்மை உறுப்பினர்களிடையேயும் பெரும்பான்மை வேண்டும். டேட்டனில் கிட்டத்தட்ட எதையும் தடுக்கலாம், இங்கே சிறுபான்மையை நேராகத் தொடும் விஷயங்களை மட்டும் தடுக்கலாம். வேற்றுமை முழுக்க அங்கேதான் இருக்கிறது. அஹ்மெத்தி அடுத்த ஆண்டே கட்சி தொடங்கி ஆட்சியில் பங்கெடுத்தார். 2001இல் ராணுவத்தை விட்டுக் கிளர்ச்சிப் படையில் சேர்ந்த தளபதி தலத் ஜாஃபெரி, 2024இல் அந்த நாட்டின் முதல் அல்பேனியப் பிரதமராக இடைக்கால அரசை நடத்தினார்.

குறை இல்லாமல் இல்லை. வேலை ஒதுக்கீடு கட்சிக்காரர்களின் கைக்குப் போனது. நியமனம் பெற்றுவிட்டு, உட்கார நாற்காலிகூட இல்லாமல் வீட்டில் இருந்தே சம்பளம் வாங்கியவர்கள் உண்டு. பிள்ளைகள் மொழிவாரியாகத் தனித்தனியாகப் படிக்கிறார்கள். 2004இல் நகராட்சி எல்லைகளை மாற்றியதை எதிர்த்துப் பொதுவாக்கெடுப்பு வரை போனார்கள். போதுமான பேர் வாக்களிக்க வராததால் அது செல்லாமல் போனது. ஆனால் இந்தச் சண்டைகளெல்லாம் வாக்குச்சாவடியிலும் நீதிமன்றத்திலும் நடக்கின்றன.

போஸ்னியாவுக்கு ஓஹ்ரிட்டைக் கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. 1991இல் முடிந்திருக்கலாம். 1995இல், ஊர் ஊராக ஆட்களை விரட்டி இனவாரியாகப் பிரித்துவிட்ட பிறகு, முடிந்திருக்காது.

டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு 2003இல் ரஷ்யா முன்வைத்த, கோசாக் என்ற ரஷ்ய அதிகாரியின் பெயர் கொண்ட திட்டம் ஏறக்குறைய டேட்டன் வழி: கூட்டாட்சி, மேலவையில் தடுப்பு அதிகாரம், கூடவே ரஷ்யப் படை தொடர்ந்து இருக்க இடம். மால்டோவாவின் அன்றைய அதிபர் வொரோனின் கடைசி நேரத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். அது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். இப்போது எரிவாயு என்ற பிடி தளர்ந்திருக்கும்போது, நீஸ்டரின் கிழக்குக் கரையில் இருக்கும் டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்குப் பொருந்துவது ஓஹ்ரிட் மாதிரியான உரிமைகளும் ககாவுசியா மாதிரியான உள்ளூர் ஆட்சியும்தான், தடுப்பு அதிகாரம் மொழி, பள்ளி போன்றவற்றோடு நிற்க வேண்டும்.

அதற்கு முன்னால், தலைநகர் கிஷினாவில் இருக்கும் மால்டோவா அரசு கொம்ராட்டில் தன் வாக்கைக் காப்பாற்ற வேண்டும். 2023இல் பாஷ்கானாகத் தேர்வான எவ்கேனியா குட்சுலை, சட்டம் சொல்லியும் அதிபர் மையா சந்து அமைச்சரவையில் சேர்க்கவில்லை. 2025 ஆகஸ்டில் சட்டவிரோதக் கட்சி நிதி வழக்கில் குட்சுலுக்கு ஏழு ஆண்டுச் சிறை விதித்தார்கள். வழக்கு வேறு, பதவிக்குரிய இடம் வேறு. குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கட்டும், ஆனால் பாஷ்கானின் நாற்காலி ககாவுஸ் மக்களுக்குச் சட்டம் கொடுத்தது, ஆளைப் பிடிக்கவில்லை என்பதற்காக அதைக் காலியாக வைக்கக் கூடாது. கொம்ராட்டில் எழுதிக் கொடுத்தது எப்படி நடக்கிறது என்பதைத் திராஸ்போல் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.