நாடிக்குச் சிலிக்கனா, ஊசியா, எலும்பு வெட்டா?

தலவாக்கலையில் இருக்கும் அக்கா மகள் போன வாரம் கேட்டாள்: "சித்தி, என் நாடி உள்ளே போய்க் கிடக்கு. சிலிக்கன் வைக்கவா, ஊசி போடவா?" அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் பல்லைக் கடித்துப் பார்க்க வேண்டும். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தாவிட்டால், கீழ்த்தாடையே பின்தங்கியிருக்கலாம். நாடியில் சிலிக்கன் துண்டு வைத்தால் முகம் மாறும், கடி மாறாது. அப்படியானவர்கள் அழகு கிளினிக்குக்கு முன்னால் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை போன்ற இடத்தில் தாடைச் சத்திரசிகிச்சை வைத்தியரைப் பார்ப்பதே நல்லது.

பல் சரியென்றால், ஊசிதான் லேசாகத் தெரியும். ஹயலுரோனிக் அமில ஜெல்லை நாடியில் ஏற்றுவார்கள். அரை மணித்தியாலம்கூட ஆகாது. பிடிக்காவிட்டால் இன்னோர் ஊசியால் கரைத்துவிடலாம். ஆனால் ஏறக்குறைய ஒரு வருடத்தில் கரைந்துபோகும், திரும்பப் போட வேண்டும். எனக்குப் பயம் வேறு. அரிதாக ஜெல் இரத்தக் குழாயை அடைத்துவிடும். தோல் வெளுத்து வலிக்கும். சில மணித்தியாலத்துக்குள் கரைக்காவிட்டால் அந்த இடத்துச் சதை செத்துப்போகலாம். கொழும்பில் ஊசி போட்டுவிட்டு அன்றைக்கே ஹட்டன் பஸ் ஏறினால், வழியில் என்ன செய்வது? ஓர் இரவு அங்கேயே தங்குங்கள்.

சிலிக்கன் நிரந்தரம். நாடிக்கு அடியிலோ கீழுதட்டின் உட்புறமோ சின்னதாகக் கீறி, எலும்பின்மேல் வைப்பார்கள்; சுமார் ஒரு மணித்தியால வேலை. இரண்டாம் மூன்றாம் நாள் வீக்கம்தான் உச்சம். கண்ணாடி பார்த்துப் பயந்துவிடாதீர்கள். உதடு மரத்திருக்கும், தேத்தண்ணீர் வாயோரம் வழியும். பெரும்பாலும் சில வாரங்களில், சிலருக்கு மாதங்களில் சரியாகும். அரிதாக மரப்பு அப்படியே தங்கிவிடும். உள்ளே கீறினால் தழும்பு தெரியாது, ஆனால் புண் ஆறும்வரை வெற்றிலை கூடவே கூடாது. தோட்டத்து ரொட்டியையும் தள்ளிவைத்துவிட்டு கஞ்சி, சொதியில் ஊறிய இடியப்பம் என்று மென்மையாகச் சாப்பிட வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் மேசை வேலைக்குப் போகலாம். கொழுந்து மூட்டை தூக்குகிறவர்கள் ஒரு மாதமாவது பொறுக்க வேண்டும். கிருமி தொற்றினால் துண்டையே எடுக்க நேரலாம். இடம் விலகுவதும் உண்டு. வருடக்கணக்கில் அடியிலுள்ள எலும்பு சற்றுத் தேய்வதும் உண்டு.

மூன்றாவது, நாடி எலும்பையே வெட்டி முன்னே நகர்த்தி டைட்டேனியத் தகடால் இறுக்குவது. முழு மயக்கம், கூடுதல் வீக்கம், மரப்பும் அதிகம். ஆனால் அது சொந்த எலும்பு. ஒட்டியபின் விலகும் துண்டு என்று எதுவுமில்லை. நாடியின் நீளத்தையும் கூட்டிக் குறைக்கலாம், சிலிக்கனால் அது அவ்வளவாக முடியாது.

அவளுக்குப் பல் ஒழுங்கு, குறையும் சின்னது. அதனால் சிலிக்கன் என்றேன். குறை பெரிதாக இருந்தால் எலும்பு வெட்டத்தான் சொல்லியிருப்பேன். எதற்கும் மறுபடி காட்டப் போகும் நாட்களுக்குச் சேர்த்தே லீவு போடச் சொன்னேன். வளைவுப் பாதையில் வாந்தி வருகிறவள், வீங்கிய வாயோடு பஸ்ஸில் போகக் கூடாது.