எச்சரிக்கை: விக்டோரியா கால வீட்டுச் சுவரின் ஓதத்துக்குச் சிமெண்ட் பூசச் சொல்பவர்களை நம்பாதீர்கள்

லண்டன் ஈஸ்ட் ஹாமில், 1890களில் கட்டப்பட்ட வரிசை வீடு ஒன்றை நாங்கள் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினோம். (ஊரில் டெரஸ் வீடு என்றால் மொட்டைமாடி வைத்த காரை வீடு, இங்கே அந்தப் பெயர், பக்கச் சுவரைப் பகிர்ந்துகொண்டு தெரு நெடுக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு உரியது.) முன்னறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறிப் பெயிண்ட் உரிந்திருந்ததால், ‘இலவச ஈரப் பரிசோதனை’ என்று கதவிடுக்கில் துண்டுச்சீட்டுப் போட்டிருந்த ஒரு நிறுவனத்தை அழைத்தேன்.

வந்தவர் இரண்டு ஊசிகள் கொண்ட ஒரு கருவியைச் சுவரில் குத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. தரையிலிருந்து நீர் ஏறுகிறது என்றும், சுவரடியில் துளையிட்டு, ஈரத்தைத் தடுக்கும் அடுக்காக ரசாயனம் செலுத்தி, பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்ட் பூசி, வெளிப்புறச் செங்கல் இடுக்குகளையும் சிமெண்டால் அடைக்க வேண்டும் என்றும் கூறினார். முன்சுவரின் அடியில் இருந்த துளைச் செங்கற்கள் வழியாகக் குளிர் வருகிறது என்று சொல்லி அவற்றையும் மூடினார்கள். 4,800 பவுண்டு கொடுத்தோம். இருபது ஆண்டு உத்தரவாதப் பத்திரம் கிடைத்தது.

இரண்டாவது குளிர்காலத்தில் ஓதம் பூச்சுக்கு மேலே ஏறி நின்றது, வெளியே செங்கல்லின் முகம் ஏடேடாக உதிர்ந்தது, முன்புறம் துருத்தி நிற்கும் பே ஜன்னலின் அருகே மரத்தரை காலடியில் அமுங்கியது. அப்போதுதான், எந்த மருந்தையும் விற்காத, பழங்கட்டடங்களை மட்டுமே ஆராயும் ஒரு சர்வேயரைக் கட்டணம் செலுத்தி அழைத்தோம். முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும்.

அவர் விளக்கியதை நான் சுருக்காமல் எழுதுகிறேன், ஏனெனில் இதை அறிந்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டேன். இவ்வகை வீடுகளின் சுவர் நடுவில் இடைவெளி இல்லாத, ஒன்பது அங்குலக் கனமுள்ள செங்கற்சுவர். சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்ட அச்சுவர் மழைநீரைக் கொஞ்சம் உறிஞ்சி, வெயிலிலும் காற்றிலும் அந்த இடுக்குகள் வழியாகவே உலரும். இடுக்கைச் சிமெண்டால் அடைத்தால் நீர் செங்கல்லின் வழியாக வெளியேற நேரிடுகிறது. உறைபனியில் அந்நீர் விரிந்து செங்கல்லின் முகத்தைப் பெயர்த்துவிடுகிறது. அந்த ஊசிக் கருவி நீரை நேரடியாக அளப்பதில்லை, மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்பதையே காட்டுகிறது. ஆகவே பழங்காரையில் படிந்துள்ள உப்பும் அதன் அளவை உயர்த்தும். துளைச் செங்கற்களோ, மரத்தரைக்குக் கீழே உள்ள வெற்றிடத்தில் முன்னிருந்து பின்னாகக் காற்றோடுவதற்காகவே வைக்கப்பட்டவை. அவற்றை மூடியதால் ஈரம் தேங்கி, தரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் முனைகள் உளுத்துப்போயிருந்தன.

சுவரின் அடியில், கட்டிய நாளிலேயே பதித்த சிலேட்டுக் கல் அடுக்கு ஈரத்தைத் தடுக்க அங்கேயே இருந்தது! முன்முற்றத்தில் யாரோ பின்னாளில் போட்ட காங்கிரீட் அந்த அடுக்கையும் தாண்டி உயர்ந்திருந்ததும், மழைநீர்க் குழாய் ஒன்று வெடித்திருந்ததுமே முழுக் காரணம். இரண்டையும் சரிசெய்ய ஆன செலவு, நாங்கள் முதலில் கொடுத்ததில் நான்கில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தரையைப் பெயர்த்துச் சட்டங்களை மாற்றவும், சிமெண்ட்டைச் செதுக்கி எடுத்துச் சுண்ணாம்பு பூசவும் அதைவிடப் பன்மடங்கு ஆனது. நிறுவனத்திடம் கேட்டபோது, உத்தரவாதம் ரசாயன அடுக்குக்கு மட்டுமே, தரைக்கும் செங்கல்லுக்கும் பொருந்தாது என்று எழுதி அனுப்பினார்கள். பத்திரத்தின் பின்பக்கத்தில் அது உண்மையாகவே அச்சிடப்பட்டிருந்தது.

சென்ற வாரம் அதே துண்டுச்சீட்டு எங்கள் தெருவின் எல்லா வீடுகளுக்கும் மீண்டும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்க வந்தார்; அவரை அழைத்துச் சென்று, கழற்றி வைத்திருக்கும் உளுத்த சட்டத்துண்டைக் காட்டினேன்.