அயர்லாந்துக்கு மே மாதமா, செப்டம்பரா?

அயர்லாந்து போக எந்த மாதம் நல்லது என்று கேட்பவர்கள் எல்லாரும் மழை இல்லாத மாதத்தைத்தான் தேடுகிறார்கள். அப்படி ஒன்று அங்கே கிடையாது. டப்ளினில் வருடத்துக்குச் சுமார் 750 மில்லிமீட்டர்தான் பெய்கிறது, சென்னையில் பெய்வதில் ஏறக்குறைய பாதி; ஆனால் சென்னைக்கு ஐப்பசி கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டித் தீர்க்கிற மழையை அவர்கள் வருடம் முழுக்கத் தூறலாகத் தவணை முறையில் வாங்கிக்கொள்கிறார்கள். மேற்குக் கரையில் சில இடங்களில் 200 நாளுக்கு மேல் மழைதான். அதனால் மழையை விடுங்கள், பகல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள்.

அதில் ஜூனை அடித்துக்கொள்ள ஆளில்லை, மே கடைசியும் கிட்டத்தட்ட அதே நீளம்தான். வெயில் அதிகம் கிடைக்கிற மாதங்களும் மே, ஜூன்தான். ஜூனில் மேற்குக் கரை நகரமான கால்வே பக்கம் சூரியன் மறைய இரவு பத்து மணி தாண்டிவிடும், ஆகவே காலை முழுக்க மழையில் அறைக்குள் அடைந்து கிடந்தாலும் சாயங்காலம் கிளம்பிப் போய் 214 மீட்டர் உயர மோஹர் செங்குத்துப் பாறைகளைப் பார்த்துவிட்டு வெளிச்சத்தோடு திரும்பலாம். மே மாதத்தில் சாலையோர முட்புதர் எல்லாம் மஞ்சளாகப் பூத்திருக்கும், பக்கத்தில் போய் முகர்ந்தால் தேங்காய் வாசனை, சத்தியமாக! நம்ம ஊர்ப் பள்ளி விடுமுறைக்கும் மே ஒத்துவரும்.

ஜூலை, ஆகஸ்ட் எனக்குப் பிடிக்காது. அவர்கள் பள்ளி விடுமுறை, அறை வாடகை ஏறிவிடும், இத்தனைக்கும் பகல் வெப்பம் 20 டிகிரியைத் தொட்டாலே பெரிய விஷயம்.

செப்டம்பர்தான் உண்மையான போட்டி. கூட்டம் குறையும், மலைச்சரிவு பூத்து ஊதாவாக இருக்கும், கடல் மே மாதத்தைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பு, மாதக் கடைசியில் கால்வேயில் சிப்பித் திருவிழா வேறு. நான் முதலில் போனதும் அப்போதுதான். பழைய மடாலயம் இருக்கிற ஸ்கெல்லிக் மைக்கேல் தீவுக்குப் போக போர்ட்மகீ துறைமுகத்தில் மூன்று நாள் காத்திருந்தேன். தினமும் காலையில் படகுக்காரருக்கு போன் செய்வேன், "அலை பெரிசு, இன்றைக்கு இல்லை" என்பார். மூன்றாம் நாள் காற்றில் குடை மல்லாந்து கம்பி கையோடு வந்துவிட்டது. மே நடுவிலிருந்தே படகுகள் அங்கே ஆட்களை இறக்கிவிடுகின்றன, ஆனால் மே மாதத்திலும் அலை பெரிதானால் இதே கதைதான். ஒரே வித்தியாசம், பஃபின் பறவைகள் மே மாதத்தில் இருக்கும், ஆகஸ்ட் தொடக்கத்தில் கிளம்பிவிடும். செப்டம்பரில் படகு போயிருந்தாலும் எனக்கு மடாலயத்துக்கு ஏறுகிற 618 படிக்கட்டுதான் மிச்சம்.

டிசம்பர் மலிவு, பனியும் அபூர்வம், ஆனால் டப்ளினில் மாலை நாலேகால் வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். நியூகிரேஞ்ச் என்ற பழங்காலக் கல்லறைக்குள் அந்த மாதம் 21-ஐ ஒட்டிச் சில காலைகளில் 17 நிமிடம் வெயில் நுழைவதைப் பார்க்க ஆசைப்பட்டால் மட்டும் போகலாம், அதற்கும் குலுக்கலில் பெயர் வர வேண்டும். அவர்களின் தேசிய விழாவான மார்ச் 17 புனித பேட்ரிக் நாளையொட்டி டப்ளினில் அறை தேடாதீர்கள், விலை கட்டாது.

சரி, என் ஓட்டு மே கடைசி வாரத்துக்கு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அங்கே செல்லாது, தனி விசா வேண்டும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால் பிப்ரவரி கடைசியிலேயே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். அப்புறம், குடை வேண்டாம், தலையை மூடுகிற மழைச்சட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.